மாத்தளையில் முடிந்த நடை: எம் வழியை நாமே எழுதி வைப்போம்

எம்மவர்க்கு நடை யாத்திரை புதிதல்ல. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடப்போர் உண்டு. ஆவணித் திருவிழாவுக்கு மடுவை நோக்கிக் கால்நடையாகப் போகும் குடும்பங்களை மன்னார் வீதியில் காணலாம். மலைநாட்டிலோ, நல்லதண்ணிப் பக்கமிருந்து சிவனொளிபாத மலை ஏறியவர் இல்லாத லயன் அரிது. இந்த யாத்திரைகளின் முடிவில் ஒரு கோயில் காத்திருக்கும். நேர்ச்சை தீரும். பிரசாதம் அல்லது மெழுகுதிரியோடு வீடு திரும்புவோம்.

2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடை வேறு வகையானது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 வருடங்கள் ஆனதை முன்னிட்டு, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த பல அமைப்புகள் அதை ஒழுங்கு செய்தன. 16 நாட்கள், ஏறக்குறைய 250 கிலோமீற்றர். தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் நடந்தார்கள். காணியும் வீடும், வாழப் போதுமான சம்பளமும், தனித்த ஒரு மக்களாக அங்கீகாரமும் வேண்டும் என்பவை கோரிக்கைகளில் முக்கியமானவை. நானுஓயாவிலிருந்து சென்ற நாமும் அந்தக் கூட்டத்தோடு கால்களைச் சேர்த்தோம்.

இந்த இதழை வாசிக்கும் உங்களில் அநேகர் வயலையும் கிணற்றையும் விட்டு வந்தவர்கள். 1977 இலும் 1983 இலும் மலைநாட்டிலிருந்து விரட்டப்பட்டு, வன்னியில் காடு வெட்டிக் கழனியாக்கி, பின்பு யுத்தத்தில் அதையும் விட்டு ஓடியவர்களின் பிள்ளைகளும் உங்களில் இருக்கிறீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் மண்சரிவுகளில் மலைநாட்டில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்களும் இருக்கலாம். நடை முடிந்த ஊரில் நாம் கண்டவை உங்களுக்கும் உதவும் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறோம்.

முன்னோர் நடந்த வழி

1820 களில் ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கண்டிப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை ஆரம்பமானது. கம்பளைக்கு அருகில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்தார். அதற்கான கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் மக்களை வெளியே தள்ளின. கங்காணியின் பின்னால் கரைக்கு வந்தார்கள். வள்ளங்களில் கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். பிறகு நடை.

மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை. அக்காலத்தில் அது பெரும்பாலும் காட்டு வழி. வெயில் காலத்தில் குளங்கள் வற்றும். மழைக் காலத்தில் ஆறுகள் பெருகும். வாந்திபேதியும் காய்ச்சலும் கூட்டங் கூட்டமாகப் பிடித்தன. நடக்க முடியாதவர்கள் வழியோரத்தில் விடப்பட்டார்கள். மாத்தளை, அந்தப் பாதையில் மலை தொடங்கும் முதல் பெரிய ஊர். அங்கு வந்து சேர்ந்தவர்கள் அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் அதே வழியால் திரும்பி நடந்தார்கள்.

1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. சில வருடங்களில் கோப்பி அழிந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். அதனால் குடும்பங்கள் நிரந்தரமாகத் தங்கின. புகையிரதப் பாதை 1880 இல் மாத்தளைக்கும், 1885 இல் எமது நானுஓயாவுக்கும் வந்தது. 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறந்தது. நடை மெல்ல மெல்ல நின்றது. நடந்தவர்களின் நினைவும் அதோடு மங்கியது.

இந்த வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு நூல்கள் சொல்லும் தொகைகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. தொகை எதுவானாலும் பெயர்ப் பட்டியல் கிடையாது. எந்த மரத்தடியில் யார் புதைக்கப்பட்டார் என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை. தோட்டத்துரைமார் கோப்பி மூட்டைகளுக்குக் கணக்கு எழுதினார்கள். ஆட்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கு இருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதிலும் தோட்டத்துக்குரிய எழுத்தும் இலக்கமுமே இருந்தன. ஆளின் பெயர் இல்லை.

ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ என்ற திருத்தல நகரம் உண்டு. அங்கு நடந்து போகும் யாத்திரிகர் கையில் ஒரு சிறு ஏடு இருக்கும். தங்கும் இடந்தோறும் அதில் முத்திரை குத்துவார்கள். குறைந்தது 100 கிலோமீற்றர் நடந்து நகரை அடைந்தவருக்குப் பெயர் எழுதிய சான்றிதழ் கிடைக்கும். எம் பாட்டன்மார் அதைவிட அதிக தூரம் நடந்தார்கள். அவர்கள் பெயரை எழுத எவரும் இருக்கவில்லை.

செட்டிகுளத்தைக் கடந்தபோது

மன்னாரிலிருந்து மதவாச்சி செல்லும் வீதியில் முருங்கனைத் தாண்டினால் கட்டுக்கரைக் குளத்தின் வயல்கள். மேலும் போனால் மடுச் சந்தி, செட்டிகுளம். இந்தப் பெயர்கள் உங்களில் பலருக்கு வரைபடத்தில் படித்த பெயர்கள் அல்ல. 1990 களில் மடுவில் அகதிகளாகத் தங்கியவர்கள் இருக்கிறீர்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் கம்பிக்குள் இருந்தவர்களும் இருக்கிறீர்கள்.

வழியில் தண்ணீரும் தேத்தண்ணியும் தந்த வீடுகளில் மலைநாட்டுப் பேச்சு கேட்டது. எந்தத் தோட்டம் என்று கேட்டால், தாத்தா மாத்தளைப் பக்கம் என்பார்கள். தோட்டத்தின் பெயர் தெரியாது. எப்போது இங்கு வந்தீர்கள் என்றால், கலவரத்துக்குப் பிறகு என்பார்கள். எந்தக் கலவரம் என்பதில் தாய்க்கும் மகனுக்கும் ஒரே பதில் வராது. காணிக்குப் பத்திரம் உண்டா என்றால், இருந்தது, ஓடும்போது தவறிவிட்டது என்பார்கள். மூன்று கேள்விகளுக்கு மேல் நாம் கேட்கவில்லை. 200 வருடங்களுக்கு முன் நடந்தவர்களின் கதை எப்படி மறைந்தது என்று யோசித்துக்கொண்டே நடந்த எமக்கு, அது மறைந்துகொண்டிருக்கும் விதமே கண் முன்னால் தெரிந்தது.

மதவாச்சியில் வீதி பெரிய கண்டி வீதியோடு சேர்கிறது. மிகிந்தலை, திறப்பனை, கெக்கிராவை, தம்புள்ளை, நாவுலை என்று ஊர்கள் வந்தன. நாலந்தையில் வீதிக்குச் சற்று உள்ளே ஒரு பழைய கற்கோயில் இருக்கிறது. தென்னிந்தியக் கோயில் அமைப்பில் கட்டப்பட்ட பௌத்த ஆலயம் அது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கம் வந்தபோது அது மூழ்கும் நிலை ஏற்பட்டது. கல் கல்லாகக் கழற்றி, 1980 களில் உயரமான இடத்தில் திரும்பவும் அடுக்கிக் கட்டினார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று குறித்து வைத்திருந்தபடியால் அது முடிந்தது. இடம்பெயர்ந்த ஒரு கட்டடத்தைத் திருப்பி நிறுத்த முடிந்ததற்குக் காரணம் அந்தக் குறிப்பு.

மாத்தளை நகரில்

ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளை வீதிகள் நிறைந்திருந்தன. தோட்டங்களிலிருந்து பஸ்களில் வந்த மக்களும் நடந்து வந்தவர்களும் ஒன்றானார்கள். பறையும் கோஷமும் கேட்டன. எமக்கு அன்று கால்களைத் தவிர வேறு நினைவில்லை. பாதத்தில் கொப்புளம் இல்லாதவர் எம்மில் எவருமில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு நகரைப் பார்க்கப் புறப்பட்டோம். முன்னோர் வந்து சேர்ந்த ஊரை ஒரு நாளாவது ஆறுதலாகப் பார்க்க வேண்டும் என்பது எம் ஆசை.

முதலில் பஸ் ஏறி நகருக்கு வடக்கே 3 கிலோமீற்றர் அளவில் உள்ள அலுவிகாரைக்குப் போனோம். முதல் நாள் களைப்பில் கடந்து வந்த இடம் அது. பெரும் பாறைகளுக்கு நடுவே குகைகள். பௌத்த வேதமாகிய திரிபிடகம் முதன்முதலில் எழுத்தில் வடிக்கப்பட்டது இங்கேதான் என்பது மரபு. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டு, வலகம்பா மன்னன் காலம். அதுவரை அது முழுவதும் துறவிகளின் மனனத்தில் இருந்தது. போரும் கொடிய பஞ்சமும் வந்தன. மனனம் செய்தவர்கள் இறக்கத் தொடங்கினார்கள். இனியும் வாயில் மட்டும் வைத்திருந்தால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சி, ஓலையில் எழுதினார்கள்.

ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரிமை பூசித் துடைத்து எழுத்தைத் தெரிய வைக்கும் முறையை அங்கு இப்போதும் காட்டுகிறார்கள். கீறும்போது எழுத்துக் கண்ணுக்குத் தெரிவதில்லை. மை பூசித் துடைத்த பிறகே தெரிகிறது. நாம் வெகுநேரம் அதைப் பார்த்து நின்றோம். அவர்கள் சமயம் வேறு, எம் சமயம் வேறாக இருக்கலாம். ஆனால் பஞ்சத்தில் ஓடியவர்கள் தமக்கு அருமையானதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்ற பாடம் எல்லோருக்கும் உரியது.

அடுத்து, 1848 ஆம் வருடக் கிளர்ச்சியின் நினைவுச் சின்னம். அவ்வருடம் ஜூலை இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடி சூட்டப்பட்டு, நாம் வந்த அதே வீதியால் மக்களோடு மாத்தளைக்கு வந்தார். புரன் அப்புவும் அவரோடு இருந்தார். கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை எரித்தார்கள். நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, வருடத்தில் 6 நாள் வீதி வேலை அல்லது 3 சிலிங் என்று சுமத்தியதற்கு எதிரான கோபம் அது. ஆகஸ்ட் 8 ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கியபோது அலுவிகாரையின் ஏடுகளும் அழிந்தன.

அந்தக் கோபத்துக்கு இன்னோர் அடிவேர் இருந்தது. 1840 ஆம் வருட முடிக்குரிய காணிச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குச் சொந்தம் என்றது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவர்கள். மாடு மேய்த்தவர்கள். எழுதிய உறுதி அவர்களிடம் இல்லை. அரசு எடுத்துக்கொண்ட காணி கோப்பித் துரைமாருக்குப் போனது. அந்தக் காணியில் வேலை செய்யவே எம் முன்னோர் நடந்து வந்தார்கள். நிலத்தை இழந்தவனும், நிலமில்லாமல் வந்தவனும் ஒரே மலையில் எதிரெதிராக நிறுத்தப்பட்டார்கள். இருவரிடமும் காகிதம் இல்லை. காகிதம் வைத்திருந்தவன் இருவரையும் ஆண்டான்.

பிற்பகலில் முத்துமாரியம்மன் கோயில். ஒரு மரத்தடியில் சிறு சிலையாகத் தொடங்கிய வழிபாடு என்று சொல்லப்படுகிறது. இன்று 108 அடி இராஜகோபுரம் வீதியில் தூரத்திலிருந்தே தெரிகிறது. மாசிமகத்துக்கு ஐந்து தேர்கள் ஓடும். 1983 கலவரத்தில் இக்கோயிலும் தேர்களும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. மக்கள் திரும்பவும் கட்டினார்கள். மலைக்குள் நுழைந்தவர்களின் முதல் கும்பிடு விழுந்த ஊர் இது. மாரியம்மன் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் அஞ்சியவர்களின் தெய்வம். நடந்து வந்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதை எந்தப் பதிவேட்டையும்விட இந்தக் கோயில் தெளிவாகச் சொல்கிறது.

கடைசியாகப் புகையிரத நிலையம். கண்டியிலிருந்து வரும் பாதை இங்கே முடிகிறது. இங்கு நின்றபோது எமக்கு நானுஓயா நிலையம் நினைவுக்கு வந்தது. 1964 ஆம் வருட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதிப்பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்பட்டது. மலைநாட்டு நிலையங்களில் பெட்டி ஏறியவர்களும் வழியனுப்பியவர்களும் அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. அது தலைமன்னாருக்குப் போனது. பாட்டன் நடந்து வந்த வழியிலேயே பேரன் திருப்பி அனுப்பப்பட்டான்.

அப்போதும் காகிதமே கேட்கப்பட்டது. 1948 ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் பின் வந்த 1949 ஆம் வருடச் சட்டம், 1946 ஜனவரிக்கு முன் இடைவிடாமல் மணமானவர் 7 வருடமும், மணமாகாதவர் 10 வருடமும் இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. லயன் அறையில் பிறந்து கொழுந்து பறித்தவளிடம் என்ன பத்திரம் இருக்கும்? நாடற்றவராக நின்றவர்களின் பிரச்சினை தீர 2003 ஆம் வருட 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாம் கொண்டுவந்த பிரசாதம்

யாத்திரை போனவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பார்கள். மாத்தளையில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் மலிவாக வாங்கலாம். நாமும் கொஞ்சம் வாங்கினோம். அதைவிடப் பெரியதாக ஒரு எண்ணத்தைக் கொண்டுவந்தோம். 1840 இல் சிங்கள விவசாயி எழுத்தில்லாமல் நிலத்தை இழந்தான். 1949 இல் தோட்டத் தொழிலாளி எழுத்தில்லாமல் நாட்டை இழந்தான். இன்று இடம்பெயர்ந்த நீங்கள் எழுத்தில்லாமல் வயலை இழக்கக் கூடாது. எழுதி வைத்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதிகாரியின் முன்னால் வெறும் வாய்ச்சொல்லோடு நிற்பதைவிடக் கையில் ஒரு குறிப்பேட்டோடு நிற்பது பலம்.

ஆகவே ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே பாடசாலை போகும் பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

1. விட்டு வந்த காணியின் பெயர், ஊர், கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலகம். பரப்பா ஏக்கரா, எவ்வளவு.

2. நான்கு எல்லைகள். வடக்கே யார் காணி, தெற்கே எந்த வாய்க்கால், கிழக்கே வீதியா, மேற்கே காடா. எல்லைக்கல் அல்லது எல்லை மரம் இருந்தால் அதுவும்.

3. கிணறு, வீட்டின் அத்திவாரம், தென்னை, பலா, மா. எந்த வருடம் வெட்டியது, எந்த வருடம் நட்டது. மரத்தின் வயது ஒரு சாட்சி.

4. அனுமதிப்பத்திரமோ உறுதியோ இருந்தால் அதன் இலக்கம். தொலைந்திருந்தால் அது யார் பெயரில், ஏறக்குறைய எந்த வருடம் வழங்கப்பட்டது. பிரதேச செயலகத்தில் காணிப் பதிவுகளைப் பார்க்கக் கேட்கும்போது இது உதவும்.

5. எப்போது வெளியேறினீர்கள், எந்த வழியால் நடந்தீர்கள், எங்கே எத்தனை நாள் தங்கினீர்கள். வழியில் இறந்தவர்களின் பெயர், வயது, புதைத்த இடம்.

6. அயலில் இருந்த இரண்டு குடும்பங்களின் பெயர். இப்போது அவர்கள் எங்கே என்று தெரிந்தால் அவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள்.

எழுதி முடிந்ததும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரு வெள்ளமோ மண்சரிவோ இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோகாது. கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. ஆனால் தொலைபேசி உடையும், கொப்பி கிடக்கும்.

சங்கக் கூட்டத்திலோ, ஞாயிறு பூசை முடிந்த பின்போ, கோயில் மண்டபத்திலோ பத்துக் குடும்பங்கள் சேர்ந்து இருந்தால் ஒரு மாலையில் பத்துக் கொப்பிகளைத் தொடங்கிவிடலாம். ஒருவர் மறந்த எல்லையை மற்றவர் சொல்வார். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதலாம். ஐந்தாம் விடயத்தை எழுதும்போது அழுகை வரும். நிறுத்தி, தேத்தண்ணி குடித்து, பிறகு தொடருங்கள். அந்தப் பெயர்களை இப்போது நாம் எழுதாவிட்டால் இனி எழுத ஆளில்லை.

முன்னோர் நடந்த வழியில் அவர்கள் பெயரை நாம் தேடினோம், கிடைக்கவில்லை. எம் பேரப்பிள்ளைகள் தேடும்போது எம் பெயர் கிடைக்கட்டும்.